ஹெரால்டு விற்பனைக்கு: விளம்பரத்தில் இருந்த நான்கு சொற்கள்

பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். வெளிர் நீலத்தில் ஒரு சின்ன கார். கீழே விளம்பர வரிகள்: "பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் சலூன். 1967 மாடல். ஃபுல்லி ரெஸ்டோர்டு. ஹண்ட்ரட் பர்சென்ட் ஒரிஜினல். பூந்தமல்லி. ஆறரை லட்சம்." அதற்கும் கீழே நண்பர் தன் பங்குக்கு, "உங்க ஆளு வந்திருக்கு, பாருங்க" என்று எழுதியிருந்தார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அம்பத்தூரில் எண்பதுகளின் கடைசியில் வளர்ந்தவன் நான். எங்கள் தெரு டாக்டரிடம் ஒன்று இருந்தது. அம்பாசடர் வந்தால் முன்னே பின்னே எடுத்துத் திருப்ப வேண்டிய அந்தச் சந்தில், டாக்டர் ஒரே வளைப்பில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார். நாங்கள் பசங்க எல்லாம் அதை வேடிக்கை பார்க்கவே நிற்போம்.

எனக்கு அந்த வண்டியோடு இன்னொரு உறவும் உண்டு. என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் டர்னர். டாக்டரின் மெக்கானிக் எப்போதாவது ஒரு தேய்ந்துபோன வெண்கலத் துண்டைக் கொண்டுவந்து, "இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு குடுண்ணே" என்று நிற்பார். அப்பா ராத்திரி சாப்பிடும்போது சொல்வார்: "ஒண்ணு இடது மரை, ஒண்ணு வலது மரை. மாத்திப் போட்டா டாக்டர் போயிடுவாரு." அது என்ன துண்டு, ஏன் இரண்டு மரை என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. அவர் இருக்கும்போது கேட்டிருக்கலாம்.

ஆக, வாங்குகிற எண்ணம் பாதி, பார்க்கிற ஆசை பாதியாகப் பூந்தமல்லிக்குக் கிளம்பினேன். என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "ஏங்க, வாங்கி எங்க நிறுத்துவீங்க?" பதில் இல்லாமலே போனேன்.

போவதற்கு முன் ஒரு வாரம் படித்தேன், போய் வந்த பிறகு இன்னும் படித்தேன். அந்த விளம்பரத்தில் இருந்த நான்கு சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு. பழைய கார் வாங்குகிறவர்களுக்குப் பயன்படும். வாங்காதவர்களுக்கும் ஒரு காரை எப்படிப் படிப்பது என்று தெரியும்.

முதல் சொல்: பிரிட்டிஷ்

இங்கிலாந்தில் இந்த வண்டியின் பெயர் டிரயம்ஃப் ஹெரால்டு. 1959 ஏப்ரலில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு-டிரயம்ஃப் கம்பெனி வெளியிட்டது. உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர், ஜியோவன்னி மிக்கலாட்டி. அதனால்தான் அந்தக் காலத்து மற்ற பிரிட்டிஷ் கார்களைப் போல உருண்டையாக இல்லாமல், கூரான விளிம்புகளோடு இருக்கும்.

இங்கே அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. காரணம் எளிது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற மெட்ராஸ் கம்பெனி, கவென்ட்ரி கம்பெனியோடு கூட்டு வைத்து 1940-களின் கடைசியில் தொடங்கியது. தொழிற்சாலை வண்டலூர்-பெருங்களத்தூர் பக்கம். முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், அப்புறம் 1961-ல் ஹெரால்டு. இங்கிலாந்தில் 'ஸ்டாண்டர்டு' என்றால் 'சாதா' என்று மக்கள் நினைக்க ஆரம்பித்ததால், அங்கே அந்தப் பெயரை 1963-ல் கார்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். இங்கே அந்தச் சங்கடம் இல்லை. கல்கத்தாவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. லைசன்ஸ் காலத்தில் நமக்கு இருந்ததே இந்த மூன்றுதான். எதை வாங்குவதென்றாலும் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இப்போது ஒரு விஷயம். ஹெரால்டு வெளிவந்த 1959-ல் மற்ற கம்பெனிகள் பலவும் பாடியும் சேஸும் ஒன்றாகச் சேர்ந்த மோனோகாக் முறைக்குப் போய்விட்டன. ஹெரால்டோ பழைய பாணியில், தனி இரும்புச் சட்டத்தின் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டும் வண்டியாக வந்தது. ஏன்? ஸ்டாண்டர்டுக்கு பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியையும் செய்துதர வெளியே ஆள் இல்லை. அதனால் பாடியைப் பல துண்டுகளாகப் பிரித்து, பல சிறிய பட்டறைகளில் செய்து, கடைசியில் ஒன்றாக முடுக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

ஒரு சப்ளையர் கைவிட்டதால் எடுத்த முடிவு, மெட்ராஸுக்கு நன்றாகப் பொருந்தியது. துண்டுகளாகக் கப்பலில் வந்து இறங்கினால் இங்கே மாட்டிவிடலாம். பிறகு ஒவ்வொரு துண்டாக உள்ளூரில் செய்யத் தொடங்கலாம். இன்று அறுபது வருடம் கழித்து பூந்தமல்லியில் ஒரு ஷெட்டில் ஒருவர் அதைப் பிரித்து மறுபடி மாட்ட முடிகிறது என்றால் அதற்கும் காரணம் இதுதான். எங்கள் துறையில் மாட்யூலர் டிசைன் என்று பெரிதாகப் பேசுவோம். பெரும்பாலும் அதுவும் இப்படித்தான், வேறு வழியில்லாமல் வந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் கார் என்றாலும் நம் பகுதிக்கு அது அந்நியம் இல்லை. அம்பத்தூரைச் சுற்றிப் பாருங்கள். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் பர்மிங்காம் கம்பெனியோடு கூட்டு. டன்லப் டயர் தொழிற்சாலை 1959. பாடியில் 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962-ல் பிரேக்ஸ் இந்தியா. இரண்டுக்குமே இங்கிலாந்து லூகாஸ் குழுமம்தான் கூட்டாளி. ஆவடியில் செய்த விஜயந்தா டாங்கிகூட இங்கிலாந்து விக்கர்ஸ் கம்பெனியின் வடிவமைப்புதான். அங்குல அளவு போல்ட், பிரிட்டிஷ் மரை, டைனமோ, டிரம் பிரேக் எல்லாம் இந்தப் பகுதித் தொழிலாளிகளின் கைக்குப் பழகியவை. என் அப்பா கவென்ட்ரி எங்கே இருக்கிறது என்று அறியாமலே அந்த ஊர்க் காருக்கு உதிரிபாகம் கடைந்தார்.

அதனால் 'பிரிட்டிஷ்' என்ற சொல் பாதி சரி. வரைபடம் கவென்ட்ரி. வண்டி வண்டலூர்.

இரண்டாம் சொல்: ஸ்போர்ட்ஸ்

இது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. ஹெரால்டு குடும்ப வண்டி. மெட்ராஸ் ஹெரால்டில் இருந்தது 948 சி.சி. எஞ்சின். நாற்பது குதிரைத்திறன்கூட வராது. இன்றைய சின்ன ஹேட்ச்பேக் எதுவும் அதை எளிதாக முந்திவிடும்.

ஆனால் இந்தப் பேச்சு சும்மா வந்ததும் இல்லை. இதே சேஸை வைத்துத்தான் 1962-ல் டிரயம்ஃப் இரண்டு வண்டிகளைச் செய்தது. ஒன்று ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். இன்னொன்று வீட்டெஸ். ஹெரால்டு பாடிக்குள் ஆறு சிலிண்டர், 1596 சி.சி. எஞ்சினை வைத்தது. ஸ்போர்ட்ஸ் சலூன் என்று நியாயமாகச் சொல்ல வேண்டியது அதைத்தான். அந்த இரண்டையும் இங்கே செய்யவில்லை.

இருந்தாலும் அடித்தளம் ஒன்று என்பதால் சில நல்ல குணங்கள் ஹெரால்டுக்கும் உண்டு. ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். முன் சக்கரங்கள் மிக அதிகமாகத் திரும்பும் என்பதால் 25 அடி வட்டத்துக்குள் வண்டி வளைந்துவிடும். லண்டன் டாக்ஸிக்கு விதித்த அளவும் அதே 25 அடிதான். எங்கள் தெரு டாக்டரின் ஒரே வளைப்புக்கு இதுதான் ரகசியம். சோழவரம் பழைய விமானத்தளத்தில் மெட்ராஸ்காரர்கள் நடத்திய பந்தயங்களில், மாற்றியமைத்த ஹெரால்டுகளும் ஓடின. நம் ஆட்களுக்கு அன்று கைக்கு எட்டிய ஸ்போர்ட்ஸ் கார் அதுதான்.

பின் சஸ்பென்ஷன் மட்டும் கொஞ்சம் வில்லங்கம். ஸ்விங் ஆக்ஸில் என்பார்கள். நடுவில் டிஃபரன்ஷியல் சேஸோடு அசையாமல் நிற்கும். இரண்டு அரை ஆக்ஸில்களும் பறவை இறக்கை அசைப்பது போல மேலும் கீழும் ஆடும். குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங், அதாவது அடுக்கடுக்கான எஃகுப் பட்டைகள். வேகமாக ஒரு வளைவில் போய் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், வண்டியின் பின்பக்கம் எழும்பி, சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும். நம் ஊர் ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இது ஒத்துவரவில்லை. 1972-ல் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த ஸ்டாண்டர்டு கெஸல் வண்டியில் இதை எடுத்துவிட்டு, சாதாரண முழு ஆக்ஸிலைப் போட்டார்கள்.

மூன்றாம் சொல்: ரெஸ்டோர்டு

பூந்தமல்லி தாண்டி ஒரு குறுக்கு ரோட்டில் வீடு. விற்கிறவருக்கு என் வயதுதான் இருக்கும். வண்டி அவர் அப்பாவுடையது. அப்பா தவறி நான்கு வருடம் ஆகிறது. இரண்டு வருடம் ஒரு ஷெட்டில் விட்டுப் புதுப்பித்திருக்கிறார். "தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு இதுலதான் சார். அது முடிஞ்சதும் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார். வண்டி கண்ணாடி மாதிரி மின்னியது.

என்னோடு ஒரு மெக்கானிக் அண்ணன் வந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். அவர் பெயின்டைப் பார்க்கவே இல்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக வண்டிக்கு அடியில் போய்விட்டார். அவர் பார்த்த வரிசையை அப்படியே தருகிறேன்.

முதலில் சேஸ். ஹெரால்டின் சட்டம் நடுவில் முதுகெலும்பு போல இரண்டு தண்டு, அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், அந்தக் கைகளைச் சேர்க்கும் ஓரத் தண்டுகள் என்று இருக்கும். நடுத்தண்டு எளிதில் அரிக்காது. கைகளும் ஓரத் தண்டுகளும்தான் முதலில் துருப்பிடிக்கும், முக்கியமாகப் பின்னால் டிக்கியைத் தாங்கும் இடத்தில். கதவுக்குக் கீழே தெரியும் பளபளப்பான தகடு வெறும் அலங்காரம், எடையைத் தாங்குவதில்லை. அதைப் புதிதாக மாட்டி, பின்னால் இருக்கும் துருவை மறைப்பது எளிது. அண்ணன் ஸ்குரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு 'ணங்' என்கும். அரித்தது 'தொப்' என்கும். ஒரு கையில் பழைய இரும்பின் மேலேயே புதிய தகடு வைத்து வெல்டு அடித்திருந்தது. "இது ஒட்டு. ஆனா கெட்ட ஒட்டு இல்ல" என்றார்.

இரண்டாவது, இடைவெளிகள். பாடி துண்டு துண்டாக இருப்பதால், கதவுக்கும் பானெட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே விரிந்தும் கீழே நெருங்கியும் இருந்தால் சட்டம் வளைந்திருக்கலாம், அல்லது சரியாக மாட்டாமல் விட்டிருக்கலாம். இந்த வண்டியில் சரியாக இருந்தது.

மூன்றாவது, காந்தம். பிரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம் போதும். துணி சுற்றி, சக்கர வளைவுகளிலும் கதவின் அடிப்பகுதியிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அங்கே இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. டிங்கரிங் வேலையில் கொஞ்சம் பட்டி பார்ப்பது வழக்கம்தான். கால் அங்குலக் கனம் என்றால் அது வேறு கதை. இங்கே இடது பின்பக்கம் மட்டும் காந்தம் நழுவியது.

நான்காவது, எஞ்சின். என்னை கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, அண்ணன் முன்னால் கிராங்க் புல்லியைப் பார்த்தார். இந்த எஞ்சினில் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ள இரண்டு அரைவட்ட வாஷர்கள் உண்டு. அவை தேய்ந்து கீழே விழுந்துவிட்டால் கிராங்க் நேராக பிளாக்கில் உரசி, பிளாக்கே வீணாகும். கிளட்சை மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவு நகர்ந்தால் ஆபத்து. இங்கே நகரவில்லை. ஹெரால்டில் பானெட்டும் முன் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். எஞ்சின் முழுதும் வெளியே தெரியும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். மெக்கானிக்குகளுக்கு இந்த வண்டி பிடித்ததற்கு அது ஒன்றே போதும்.

ஐந்தாவதுதான் எனக்கு முக்கியமானது. அண்ணன் முன் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, "இங்க பாருங்க தம்பி, டிரனியன்" என்றார்.

முன் சக்கரம் திரும்ப ஒரு செங்குத்துத் தண்டு வேண்டும் இல்லையா? அதன் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கல வார்ப்புக்குள் உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த வெண்கலத்துக்குள் திருகு போலச் சுழலும். வலப்பக்கத்துக்கு வலது மரை, இடப்பக்கத்துக்கு இடது மரை. அப்பா கடைந்தது இதைத்தான். முப்பத்தைந்து வருடம் கழித்து, பூந்தமல்லியில் ஒரு வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டுதான் அது எனக்குப் புரிந்தது.

இதற்கு கிரீஸ் போடக் கூடாது. கியர் ஆயில், 90 நம்பர், அதைத்தான் ஏற்ற வேண்டும். கிரீஸ் மரையின் ஆழத்துக்குப் போகாது. தண்ணீர் உள்ளே இறங்கி, எஃகுத் தண்டு துருப்பிடித்து மெலியும். ஒரு நாள் திருப்பத்தில் தண்டு முறிந்து, சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்துகொள்ளும். சின்ன டிரயம்ஃப் கார்களில் உலகம் முழுக்கத் தெரிந்த பிரச்சினை இது. நிப்பிள் பார்க்க கிரீஸ் நிப்பிள் மாதிரியே இருப்பதால் நல்ல மெக்கானிக்கும் கிரீஸ் கன்னை வைத்துவிடுவார்.

இந்த வண்டியில் வெள்ளை கிரீஸ் பிதுங்கிக்கொண்டு நின்றது. இடப்பக்கச் சக்கரத்தைத் தூக்கி ஆட்டினால் லேசாக ஆட்டம் இருந்தது.

ரெஸ்டோர் என்ற சொல்லின் சிக்கல் இங்கேதான். செய்தவர் ஏமாற்றவில்லை. பெயின்ட், சீட், குரோம், வயரிங் எல்லாம் உழைத்துச் செய்திருந்தார். ஆனால் கண்ணுக்குத் தெரிகிறதைப் புதுப்பிப்பதும், உயிரைத் தாங்குகிறதைப் புதுப்பிப்பதும் வேறு வேறு வேலை. விற்கிறவரிடம் நேரடியாகச் சொல்லிவிட்டேன்: "சார், நான் வாங்குறேனோ இல்லையோ, இதைச் சரி பண்ணாம மாப்பிள்ளையை இதுல உக்கார வைக்காதீங்க." அவர் முகம் மாறியது. விலையைக் குறைக்கப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார். அண்ணன் அவரைக் கூப்பிட்டு, கையைப் பிடித்து ஆட்டத்தைத் தொட்டுப் பார்க்க வைத்தார். பிறகுதான் நம்பினார்.

நான்காம் சொல்: ஒரிஜினல்

காபி வந்தது. ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன். 1967-ல் பதிந்த, எம்.எஸ். என்று ஆரம்பிக்கும் பழைய மெட்ராஸ் எண். அழகான கையெழுத்து. இரண்டு விஷயம் கண்ணில் பட்டது.

ஒன்று, ஆர்.சி. இன்னும் அவர் அப்பா பெயரில். உரிமையாளர் இறந்துவிட்டால், முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குப் படிவம் 31. அதன் பிறகுதான் வாரிசு விற்க முடியும். விற்பனைக்குப் படிவம் 29, 30. இதைத் தாண்டி வெறும் கையெழுத்துக் காகிதத்தில் பணம் கொடுத்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தால், சட்டப்படி நீங்கள் இறந்துபோன ஒருவரின் வண்டியை ஓட்டுகிறீர்கள்.

இரண்டு, ஆர்.சி.யில் இருந்த எஞ்சின் எண்ணும் பிளாக்கில் இருந்த எண்ணும் வேறு. விற்கிறவருக்கே அது தெரியாது. யோசித்துவிட்டு, "சின்ன வயசுல ஒரு தடவை எஞ்சின் சீஸ் ஆயிடுச்சுன்னு அப்பா வேற எஞ்சின் போட்டாரு" என்றார். கெஸல் எஞ்சினாக இருக்கலாம் என்பது அண்ணன் கணிப்பு. அதுவும் அதே 948 சி.சி.தான், அப்படியே உட்கார்ந்துவிடும். அன்று அதைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டார்கள்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு இது பொருந்தும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பிறகு மறுபதிவுக்கு 5,000. பதிவு பத்து வருடத்துக்குச் செல்லும். ஏற்கெனவே எண் உள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிகிறவற்றுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி வரிசை. இப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஆபீஸ் போக முடியாது. வாடகைக்கும் விட முடியாது.

அந்த விதியில் ஒரு நிபந்தனை: வண்டி மூல வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேஸ், பாடி, எஞ்சின் இவற்றைப் பெரிய அளவில் மாற்றியிருக்கக் கூடாது. மாநிலம் அமைக்கும் குழு பார்த்துத்தான் விண்டேஜா இல்லையா என்று சொல்லும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஹெரால்டு பிழைத்ததே துண்டு துண்டாக மாற்றக்கூடிய வண்டி என்பதால். கம்பெனி 1977 வாக்கில் கெஸலை நிறுத்தியது. பிறகு ரோவர் காரை அடிப்படையாக வைத்து 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றைக் கொண்டுவந்து, 1988-ல் அதையும் நிறுத்திவிட்டது. உதிரிபாகம் செய்ய ஆள் இல்லை. அதற்குப் பிறகு இந்த வண்டிகளை ஓட வைத்தவர்கள் டாக்டரின் மெக்கானிக் மாதிரி, என் அப்பா மாதிரி ஆட்கள். அவர்கள் கடைந்து கொடுத்த ஒவ்வொரு துண்டும் வண்டியைக் காப்பாற்றியது. அதே துண்டு 'ஒரிஜினல்' என்ற சொல்லையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தது. ஒன்றுமே மாற்றாத ஹெரால்டு ஒன்று இருக்குமானால், அது ஓடாமல் ஏதோ ஒரு கொட்டகையில்தான் நின்றிருக்கும்.

பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு ஃபிவா. 1966-ல் தொடங்கியது. அவர்களுடைய டூரின் சாசனம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. இருப்பதைப் பாதுகாப்பது முதலில், புதுப்பிப்பது அதன் பிறகு. மாற்றியே ஆக வேண்டும் என்றால் மாற்று, ஆனால் எதை, எப்போது, ஏன் மாற்றினாய் என்று எழுதி வை. புதிய பாகத்தைப் பழையது போல் ஏமாற்றாதே. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது புதிதில்லை. எந்த மாற்றத்தையும் பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டோம். பத்து வருடம் கழித்து, "இதை யார், ஏன் மாத்தினாங்க?" என்று ஒருவர் கேட்பார் என்று நமக்குத் தெரியும். ஒரிஜினலா என்று கேட்பதைவிட, என்னவெல்லாம் மாறியிருக்கிறது என்று கேட்பது நல்லது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. முதல் கேள்விக்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள். இரண்டாவதற்கு ஆமாம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பிறகு

அன்று சாயங்காலம் வரை அங்கேயே இருந்தோம். விற்கிறவர் சொல்லச் சொல்ல, நான் போனில் குறித்துக்கொண்டேன். ஷெட்டுக்காரரையும் போனில் பிடித்தார். எந்தக் கை ஒட்டு, எந்தப் பக்கம் பட்டி, எந்த வருடம் எஞ்சின், வயரிங்கில் எந்த நிறம் மாறியிருக்கிறது, சீட் துணி எங்கே வாங்கியது. பாடியைப் பிரித்தபோது எடுத்த நாற்பது படங்கள் அவர் போனில் இருந்தன. இவ்வளவு நாள் யாரும் கேட்கவில்லை, அதனால் அவரும் காட்டவில்லை. நான்கு பக்கம் தட்டச்சு செய்து அனுப்பினேன். கூடவே, "டிரனியன், ஆர்.சி., எஞ்சின் எண். இந்த மூணும் முடிஞ்சதும் சொல்லுங்க, நான் வரேன்" என்றும் எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார். இடப்பக்கத் தண்டைக் கழற்றியபோது மரை பாதி அரித்துப் போயிருந்ததாம். இரண்டு பக்கமும் மாற்றிவிட்டார். மாப்பிள்ளை அழைப்பு நல்லபடியாக நடந்தது. படம் அனுப்பியிருந்தார். ஆர்.சி. அவர் பெயருக்கு மாறிவிட்டது. எஞ்சின் எண்ணைப் பதிவில் சேர்க்க எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வண்டி எனக்குக் கிடைக்கவில்லை. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்து பார்த்திருக்கிறார். அந்த நான்கு பக்கத்தை முழுவதும் படித்துவிட்டு, எனக்குச் சொன்னதைவிட நாற்பதாயிரம் கூடுதலாகக் கொடுத்து எடுத்துக்கொண்டாராம். "குறை எல்லாம் எழுதியிருக்கேன்னு பயந்தேன் சார். அவர் அதைப் பார்த்துதான் வாங்கினார்" என்றார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். என் மனைவிக்கு இல்லை.

பெருங்களத்தூரில் அந்தப் பழைய தொழிற்சாலை இருந்த பக்கம் இன்று ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடிகளும். வேலை விஷயமாக நானும் சில மாதம் அங்கே போய் வந்திருக்கிறேன். கீழே என்ன இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டுப் பக்கம் ஏதாவது கொட்டகையில் பழைய ஹெரால்டு நின்றால், வாங்குவதற்கு முன் அந்த ஐந்து இடங்களைப் பாருங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர் என்றால் இரண்டே வேலை. டிரனியனில் 90 நம்பர் ஆயில் ஏற்றுங்கள். ஒரு நோட்டு வாங்கி, இதுவரை மாற்றியதை எல்லாம் ஞாபகம் இருக்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள். கடைந்து கொடுத்தவர் பெயர் தெரிந்தால் அதையும் சேர்த்து.